கிருபையிடம் சிக்காமல் வாழ்வது எப்படி?

இந்தக் கையேடு கோயிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதப்பட்டதல்ல. வருஷக்கணக்காக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஞாயிறு பள்ளியில் வருகைக்குப் பரிசு வாங்கி, மனப்பாட வசனத்தில் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்து வளர்ந்த பழைய விசுவாசிகளுக்கானது. நீங்கள் பாடுபட்டுச் சேர்த்த நல்ல பெயருக்கு ஓர் ஆபத்து இருக்கிறது. அதற்குக் கிருபை என்று பெயர். தகுதி பார்க்காமல், முன்பணம் கேட்காமல், மனுஷனை அவன் இருக்கிற நிலையிலேயே கடவுள் ஏற்றுக்கொள்கிறார் என்கிறார்கள். கேட்க நன்றாய்த்தான் இருக்கும். ஆனால் உங்களுக்குச் சும்மா கிடைக்கிற அதே பொருள் பின்பெஞ்சுக்காரனுக்கும் சும்மா கிடைக்கும். அப்புறம் முன்பெஞ்சுக்கு என்ன மரியாதை?

பயப்பட வேண்டாம். கிருபையிடமிருந்து தப்பிக்கும் கலைக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷ அனுபவம் இருக்கிறது. அதைத் திரட்டி எட்டு வழிகளாகக் கீழே தந்திருக்கிறோம்.

முதலில் முன்னோடிகளுக்கு வணக்கம்

தானமாய்க் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்தானாம் என்று ஊரில் சொல்வார்கள். கிருபை விஷயத்தில் முதன்முதலில் பல்லைப் பிடித்துப் பார்த்தவர்கள் கலாத்தியர்கள். ரோமர்களின் கலாத்தியா மாகாணம் இன்றைய துருக்கியின் நடுவில் இருந்தது. அதன் தலைநகரம்தான் இன்றைய அங்காரா. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில், உடம்பு சரியில்லாத நிலையில் பவுல் அங்கே போய்ச் சேர்ந்தார். சிலுவையில் அறையப்பட்ட கிறிஸ்துவை நம்புங்கள், அவருக்குள் கடவுள் உங்களை ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று சொன்னார். அவர்களும் நம்பினார்கள். யூதர் அல்லாத, மோசேயின் சட்டத்தைக் கண்ணால் பார்த்திராத மக்கள்.

பவுல் ஊரைவிட்டுப் போன கொஞ்ச நாளில் வேறு போதகர்கள் வந்தார்கள். அவர்கள் கிறிஸ்துவை மறுக்கவில்லை. நம்பியது நல்லதுதான், அதோடு விருத்தசேதனமும் செய்துகொள்ளுங்கள், பண்டிகை நாட்களையும் அனுசரியுங்கள், அப்போதுதான் முழுமை என்றார்கள். கலாத்தியர்கள் தலையாட்டினார்கள்.

செய்தி கேட்டுப் பவுல் எழுதிய கடிதம் ஆறே அதிகாரம். அவர் வழக்கமாக வாழ்த்துச் சொன்ன கையோடு, கடிதம் பெறுகிறவர்களுக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லுவார். கொரிந்துச் சபையில் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டார்கள், கர்த்தருடைய பந்தியிலேயே சிலர் குடிவெறியில் இருந்தார்கள். அவர்களுக்கே நன்றியோடுதான் கடிதத்தைத் தொடங்கினார். கலாத்தியருக்கு அந்த நன்றி இல்லை. நேராகத் திட்டில் இறங்கிவிட்டார். குடித்தவனைவிடப் பல்லைப் பிடித்துப் பார்த்தவன்மேல் அவருக்கு அவ்வளவு கோபம். அந்தக் கோபத்துக்கு ஆளானவர்கள் நம் துறையின் பிதாமகர்கள் என்பதில் சந்தேகமில்லை.

வழி 1: மறுக்காதீர்கள், 'அதோடு' சேருங்கள்

கிருபையை நேரடியாக எதிர்க்கிறவன் ஏமாளி. சபையில் அவன் தனியாகத் தெரிந்துவிடுவான். நீங்கள் கிருபையைப் பற்றிக் கண்கலங்கப் பாடுங்கள். பாடி முடித்ததும் மெதுவாக ஒரு 'அதோடு' சேருங்கள். விசுவாசம் போதும், அதோடு உபவாசம். விசுவாசம் போதும், அதோடு நகையைக் கழற்ற வேண்டும். விசுவாசம் போதும், அதோடு எங்கள் சபையில்தான் ஞானஸ்நானம் எடுக்க வேண்டும். ஒரு குடம் பாலுக்கு எவ்வளவு மோர் வேண்டும்? ஒரு துளி போதும். விடிவதற்குள் மொத்தமும் தயிராகிவிடும்.

இங்கே ஒரு சின்ன இடைஞ்சல். பவுல் தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் செய்துவைத்தார், தீத்துவுக்குச் செய்ய முடியாது என்று அடம்பிடித்தார். இரண்டு பேரும் அவருடைய உடன் ஊழியர்கள்தான். தீமோத்தேயுவின் தாய் யூதப் பெண். யூதர்கள் நடுவே ஊழியத்துக்குத் தடை வரக்கூடாது என்பதற்காக அங்கே செய்தார். கிரேக்கனான தீத்துவுக்கோ அது சேர்க்கைக்கான நிபந்தனையாகக் கேட்கப்பட்டது. நிபந்தனை என்றதும் மறுத்துவிட்டார். ஆகச் சடங்கின்மேல் அவருக்குப் பகை கிடையாது, சடங்கை நுழைவுச்சீட்டாக்குவதன்மேல்தான் பகை. இந்த வித்தியாசத்தை உங்கள் சபையில் யாரும் விளக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னோர் எச்சரிக்கை. இதே பிரச்சினைக்காக ஏறக்குறைய கி.பி. 49இல் எருசலேமில் அப்போஸ்தலரும் மூப்பரும் கூடினார்கள். யூதரல்லாதவர்கள்மேல் மோசேயின் சட்டம் முழுவதையும் சுமத்த வேண்டுமா என்று காரசாரமாகப் பேசிவிட்டு, விக்கிரகங்களுக்குப் படைத்தது, இரத்தம், நெரித்துக் கொன்றது, வேசித்தனம் ஆகிய நான்கைமட்டும் விலக்கச் சொல்லிக் கலைந்தார்கள். ஒரு கமிட்டி கூடி விதிகளைக் குறைத்துவிட்டுக் கலைந்தது! சபை வரலாற்றில் அபூர்வமாக நடந்த இந்த விபத்து உங்கள் பேரவையில் நேராதபடி நிகழ்ச்சிநிரலை நீளமாகத் தயாரியுங்கள்.

வழி 2: எது முன்னே, எது பின்னே என்று சொல்லாதீர்கள்

கிருபைக்காரர்கள் வரிசையைக் காட்டித்தான் ஆளைப் பிடிப்பார்கள். ஆபிரகாமுக்கு வாக்குத்தத்தம் கிடைத்து 430 வருஷம் கழித்தே மோசேயின் சட்டமான நியாயப்பிரமாணம் வந்தது என்று பவுல் கணக்குச் சொல்கிறார். சீனாய் மலைக்கு முன்னால்தான் செங்கடல் வருகிறது. எகிப்தின் அடிமைகளை முதலில் விடுவித்த பிறகே பத்துக் கட்டளைகள் தரப்பட்டன. கட்டளைகளை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் மூன்று மாதம் கழித்து விடுதலை பற்றி யோசிக்கலாம் என்று யாரும் எகிப்தில் நின்று பேரம் பேசவில்லை.

நம் வீட்டிலும் அப்படித்தானே? பெற்றுத் தூக்கி வளர்த்த பிறகுதான் அம்மா சொல்கிறாள், செருப்பை வாசலில் விடு என்று. செருப்பை வாசலில் விட்டதால் அந்த வீட்டுக்குப் பிள்ளையானவன் ஒருவனும் இல்லை. இந்த உதாரணம் பாமரனுக்கும் புரிந்துவிடும். எனவே பிரசங்கத்தில் வரவே கூடாது.

கொசுறாக ஓர் உபாயம்: பழியை யூதர்கள்மேல் போட்டுவிடுங்கள். அவர்கள்தான் 613 கட்டளைகளை வைத்துக்கொண்டு புண்ணியக் கணக்குப் பார்த்தார்கள், நாமெல்லாம் கிருபையின் பிள்ளைகள் என்று சொல்லிவிட்டால் நம் கணக்கை யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள். பல நூற்றாண்டுகள் இது அருமையாகப் பலித்தது. 1977இல் இ.பி. சாண்டர்ஸ் என்ற அறிஞர் பவுலையும் பாலஸ்தீன யூத மதத்தையும் ஒப்பிட்டு ஒரு தடித்த புத்தகம் எழுதி இதைக் கெடுத்தார். அந்தக் கால யூதர்களும் கடவுள் தங்களை முதலில் இரக்கத்தினால் தெரிந்துகொண்டார் என்றே நம்பினார்கள், சட்டத்தைக் கைக்கொண்டது அந்த உறவில் நிலைத்திருக்கத்தான் என்று ஆதாரங்களோடு வாதிட்டார். அவரோடு முரண்படும் அறிஞர்களும் உண்டு. ஆனாலும் யூதனைக் காட்டித் தப்பிக்கும் சௌகரியம் முன்போல இல்லை.

வழி 3: காவலாளின் கையை விடாதீர்கள்

வசதியுள்ள கிரேக்க வீட்டில் பையனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போக ஓர் அடிமை இருப்பான். பாடம் சொல்லித்தருவது அவன் வேலையில்லை. வழியில் பையன் வம்பில் மாட்டாமல் பார்த்துக்கொள்வான், தலை நிமிர்ந்து நடந்தால் குட்டுவான், திரும்பக் கொண்டுவந்து வீட்டில் சேர்ப்பான். பையன் வளர்ந்து ஆளானதும் அந்த வேலை முடிந்தது. நியாயப்பிரமாணம் அந்த ஆளைப் போன்றது என்று பவுல் எழுதினார். பழைய தமிழ் வேதாகமம் அந்த ஆளை 'உபாத்தி' ஆக்கிவிட்டது. நமக்கு லாபம். உபாத்தியாயர் என்றால் யார் அனுப்பிவைப்பார்கள்?

நீங்கள் நாற்பது வயதிலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டே ஆபீசுக்குப் போங்கள். பெண் பார்க்கப் போகும்போதும் கூட்டிக்கொண்டு போங்கள். அவன் பாதையோரத்தில் நின்று, தம்பி, எனக்கும் வயசாகிவிட்டது, நீ இனி அப்பாவோடு நேரடியாகப் பேசலாமே என்று கெஞ்சினாலும் காதில் வாங்காதீர்கள். அப்பாவோடு பேசுவது கஷ்டம். அவர் மார்க் போடமாட்டார்.

வழி 4: கைக்கு எட்டுகிற விதிகளையே பொறுக்குங்கள்

இந்தக் கையேட்டின் உயிர்நாடி இந்த வழிதான். நிதானமாக வாசியுங்கள்.

சட்டத்தை ஒருபோதும் முழுசாகக் கைக்கொள்ள முயலாதீர்கள். முயன்றவர்கள் அத்தனை பேரும் கடைசியில் கிருபையில்தான் போய் விழுந்திருக்கிறார்கள். பவுலையே பாருங்கள். எட்டாம் நாளில் விருத்தசேதனம், பென்யமீன் கோத்திரம், பரிசேயப் பயிற்சி, சட்டத்தின்படி குற்றஞ்சாட்ட இடமில்லாத வாழ்க்கை. கடைசியில் அந்த நற்சான்றிதழ் முழுவதையும் குப்பை என்று எழுதிவிட்டார். ரோமருக்கு எழுதும்போது சட்டம் தன்னை எங்கே மடக்கியது என்பதற்கு அவர் எடுத்துச் சொன்ன கட்டளை, இச்சிக்கக் கூடாது என்பது. திருடாமல் இருக்கலாம், கொல்லாமல் இருக்கலாம். பக்கத்து வீட்டைப் பார்த்து ஏங்காமல் இருப்பது எப்படி? அதற்கு வெளியே ஒரு சாட்சியும் இல்லை, உள்ளே ஒரு தப்பும் வழியும் இல்லை.

அடுத்தது மார்ட்டின் லூத்தர். 1505இல் ஜெர்மனியின் எர்ஃபுர்ட் நகரத்து அகுஸ்தீன் மடத்தில் சேர்ந்தார். உபவாசமும் ஜெபமும் இரவு விழிப்புமாக உடம்பைக் கெடுத்துக்கொண்டார். மணிக்கணக்காகப் பாவசங்கீர்த்தனம் செய்வார். முடித்துவிட்டு வெளியே போனவர், இன்னொன்று ஞாபகம் வந்துவிட்டது என்று திரும்பி வருவார். இந்தச் சில்லறைக் குற்றங்களையெல்லாம் சுமந்துகொண்டு வராதே என்று அவருடைய குரு ஸ்டாபிட்ஸே சலித்துக்கொண்டாராம். மடத்து வேலையாக ரோமாபுரிக்குப் போனபோது அங்கே பரிசுத்தப் படிக்கட்டின் 28 படிகளையும் முழங்காலாலேயே ஏறினார். இவ்வளவு செய்தும் நிம்மதி வராததால்தான் ரோமர் நிருபத்தையும் கலாத்தியர் நிருபத்தையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கலாத்தியர் நிருபத்தைத் தன் மனைவி காத்தரினாவின் பெயரால் செல்லமாகக் குறிப்பிடும் அளவுக்கு அதில் ஒன்றிவிட்டார்.

மூன்றாவது ஜான் வெஸ்லி. ஆக்ஸ்ஃபோர்டில் நண்பர்களோடு சேர்ந்து புதனும் வெள்ளியும் உபவாசம், சிறைச்சாலைச் சந்திப்பு, மணிக்கொரு ஒழுங்கு என்று வாழ்ந்தவர். மற்றவர்கள் கேலியாகவே மெத்தடிஸ்ட் என்று பெயர் வைத்தார்கள். 1738 மே 24ஆம் தேதி மாலை, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்துக்கு மனமில்லாமல் போனார். அங்கே ஒருவர் ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை வாசித்துக்கொண்டிருந்தார். வெஸ்லியும் விழுந்தார்.

மூன்று பேரும் செய்த தவறு ஒன்றுதான். சட்டத்தை நிஜமாகவே எடுத்துக்கொண்டார்கள். சட்டம் ஒரு கண்ணாடி. தூரத்தில் வைத்துப் பார்த்தால் முகம் லட்சணமாகத் தெரியும். கிட்டே கொண்டுபோனால்தான் வினை. எனவே எட்டி நின்று பார்க்கக்கூடிய விதிகளைத் தேர்ந்தெடுங்கள். சினிமா பார்க்காதிருத்தல் நல்ல விதி. லெந்து நாட்களில் கறி சாப்பிடாதிருத்தல் அதைவிட நல்லது, மீன் இருக்கிறது. வெள்ளைச் சட்டை மிக நல்லது, துவைத்தால் போதும். பகைவனை நேசிப்பது, கடனை மன்னிப்பது, அடுத்தவன் மகனுக்கு வேலை கிடைத்ததில் மனசாரச் சந்தோஷப்படுவது போன்றவற்றைப் பட்டியலில் சேர்க்கவே கூடாது. அவற்றைக் கையில் எடுத்தவன் பத்தாவது நாளே ஆண்டவரே இரங்கும் என்று கதறுவான். அந்தக் கதறலைக் கேட்டுத்தான் கிருபை ஓடிவரும்.

வழி 5: சமையலறைத் தராசை எடுத்துவாருங்கள்

ஒற்தலாமிலும் வெந்தயத்திலும் சீரகத்திலும்கூடத் தசமபாகம் கொடுத்தவர்களைப் பற்றி இயேசு கடுமையாகப் பேசியிருக்கிறார். நீங்கள் அதில் உள்ள தொழில்நுட்பத்தைமட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அஞ்சறைப்பெட்டியைத் திறந்து வெந்தயத்தை எண்ணிக்கொண்டிருக்கிறவனுக்கு, வாசலில் பசியோடு நிற்கிறவன் கண்ணில் படமாட்டான்.

உங்கள் கணக்கோடு பக்கத்து ஆளின் கணக்கையும் எழுதிவாருங்கள். இயேசு சொன்ன கதையில் பரிசேயன் வாரம் இரண்டுமுறை உபவாசம் இருந்தான், வருமானம் எல்லாவற்றிலும் பத்தில் ஒன்று கொடுத்தான். இரண்டும் உண்மை. ஆனாலும் அந்த ஜெபத்துக்கு ஒரு ஆயக்காரன் தேவைப்பட்டான். ஒப்பிட ஆள் இல்லாவிட்டால் சட்டத்தில் ருசியே இல்லை.

திராட்சத்தோட்டக் கதையையும் இந்தக் கண்ணோடு வாசியுங்கள். விடியற்காலையில் வந்தவனுக்கும், பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது வந்தவனுக்கும் ஒரே கூலி. முதலில் வந்தவனுக்குப் பேசின கூலியில் ஒரு காசும் குறையவில்லை. கடைசியில் வந்தவனுக்குக் கொடுத்ததைப் பார்த்த பிறகுதான் அவன் வயிறு எரிந்தது. நூறு நாள் வேலைக்குப் போனவர்களைக் கேட்டால் அந்த எரிச்சலின் நியாயத்தைச் சொல்லுவார்கள். நாமும் அவன் கட்சிதான்.

நமது பாதுகாவலர் யார் என்றால் கெட்டகுமாரனின் அண்ணன். அவன் வீட்டைவிட்டுப் போகவில்லை, சொத்தை அழிக்கவில்லை, ஒரு கட்டளையையும் மீறவில்லை. தனக்கு ஓர் ஆட்டுக்குட்டிகூடக் கிடைக்கவில்லை என்ற கணக்கை வருஷக்கணக்காக மனசில் வைத்திருந்தான். கதை முடியும்போது தம்பி உள்ளே விருந்தில் இருக்கிறான். அண்ணன் வெளியே வயல்வெளிக் காற்றில் நிற்கிறான். அப்பா வந்து வருந்தி அழைக்கிறார். உள்ளே போனானா இல்லையா என்று கதை சொல்லவில்லை. நீங்கள் போகாதீர்கள்.

வழி 6: பந்தியைப் பிரியுங்கள்

விசுவாசத்தினால் நீதிமான் ஆவது பற்றிய பவுலின் பெரிய வாதம் எங்கே தொடங்குகிறது தெரியுமா? சாப்பாட்டு இலையில். சிரியாவின் அந்தியோகியாவில் யூத விசுவாசிகளும் மற்றவர்களும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பேதுருவும் உட்கார்ந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் சிலர் வந்ததும் மெல்ல எழுந்து தள்ளிப்போனார். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் தள்ளிப்போனார்கள். பர்னபாவும்கூட.

பேதுரு பிரசங்கத்தில் எதையும் மாற்றவில்லை. உபதேசம் அப்படியே இருந்தது, இலைதான் இடம் மாறியது. பவுல் எல்லார் முன்னிலையிலும் அவரை எதிர்த்து நின்றார். கிருபையை வாயால் மறுக்க வேண்டியதே இல்லை, யாரோடு உட்கார்ந்து சாப்பிடமாட்டாய் என்பதில் மறுத்துவிடலாம் என்று பவுல் கண்டுபிடித்துவிட்டார். அன்றிலிருந்து இதுதான் மிகப் பலமான வழி.

இதில் நம்மவர்களின் தேர்ச்சியை அடக்கத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. 1706இல் சீகன்பால்க் என்ற மிஷனரி தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். கொண்டுவந்தது சாட்சாத் லூத்தரின் உபதேசம், கிரியையினால் அல்ல கிருபையினால் என்பது. அந்த உபதேசத்தைத் தமிழில் கேட்டு, தமிழில் அச்சிட்டு, தமிழில் பாடிக்கொண்டே, 18ஆம் நூற்றாண்டுச் சபையார் கோயிலுக்குள் சாதிப்படி தனித்தனியாக உட்கார்ந்தார்கள். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சாதியை விடுவதைவிடச் சபையை விடுவது சுலபம் என்று வெளியேறினார்கள். கலாத்தியரின் 'அதோடு' ஒரு சடங்கு. நம்முடைய 'அதோடு' பிறப்பு. விருத்தசேதனத்தையாவது ஆசைப்பட்டவன் செய்துகொள்ள முடியும்.

இன்றைக்கும் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவில் சுவர் வைத்திருக்கும் ஊர்கள் உண்டு. உயிர்த்தெழுதல் நாளில் யார் எந்தப் பக்கம் எழுந்து வருவது என்பது வரைக்கும் யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். கிருபை எகிறிக் குதிக்க முடியாத உயரம் எது என்றுமட்டும் கொத்தனார் யாரும் இதுவரை சொல்லவில்லை.

வழி 7: விலைச்சீட்டு ஒட்டுங்கள்

சும்மா கிடைப்பதை நம் மக்கள் நம்பமாட்டார்கள். எனவே விலை வையுங்கள். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமாபுரியில் தூய பேதுரு பேராலயக் கட்டட நிதிக்காகப் பாவமன்னிப்புச் சீட்டுகள் ஜெர்மனி வரைக்கும் விற்கப்பட்டன. டெட்செல் என்ற துறவி அதில் கெட்டிக்கார விற்பனையாளர். உயிரோடிருப்பவருக்கு மட்டுமல்ல, செத்துப்போன தாத்தாவுக்கும் வாங்கலாம். 1517இல் லூத்தர் எழுதிய 95 கருத்துரைகள் அந்த வியாபாரத்தில் மண்ணைப் போட்டன.

வியாபாரம் படுத்ததே தவிர வழி அடைபடவில்லை. ஆசீர்வாதத்துக்கு இவ்வளவு, அற்புதத்துக்கு இவ்வளவு என்று கவரின்மேல் அச்சடிக்க இன்றைக்கும் அச்சகங்கள் இருக்கின்றன. கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டு என்ற இரண்டு கட்சியிலும் செய்யலாம், பாகுபாடு இல்லை.

வழி 8: எதிர்த்திசையில் ஓடுங்கள்

விதிகளே பிடிக்காத வாசகர்களும் இருப்பீர்கள். உங்களுக்குப் பின்வாசல் இருக்கிறது. கிருபை பெருகுமென்றால் பாவத்தையும் பெருக்கலாமே என்று கேளுங்கள். இந்தக் கேள்வி பவுலின் காலத்திலேயே வந்துவிட்டது, ரோமருக்கு எழுதும்போது அதை எடுத்துவைத்து அடித்து நொறுக்கியிருக்கிறார். லூத்தரின் சொந்த நண்பர் அக்ரிகோலா விசுவாசிகளுக்குச் சட்டத்தைப் போதிக்கவே வேண்டாம் என்றபோது லூத்தரே அவரை எதிர்த்தார். டீட்ரிக் போன்ஹோஃபர் 1937இல் வெளியிட்ட நூலில் இந்த வகைக்கு மலிவான கிருபை என்று பெயர் வைத்தார். ஹிட்லரை எதிர்த்ததற்காக 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டவர் அவர். அவரைப் பொறுத்தவரை கிருபை இலவசம், ஆனால் மலிவு இல்லை.

எதிர்த்திசையில் ஓடும்போது ஒரு மரத்தடியைமட்டும் தவிர்க்கவும். எரிகோவில் சகேயு ஏறின காட்டத்தி மரம். ஊரை ஏய்த்துச் சம்பாதித்த வரிவசூல் தலைவன் அவன். இயேசு அவனிடம் முதலில் கணக்கு முடி, பிறகு சாப்பிட வருகிறேன் என்று சொல்லவில்லை. நேராக அவன் வீட்டுக்குத்தான் போனார். தானாக வந்து குற்றத்தை ஒப்புக்கொள்கிறவன் எடுத்ததோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக்கொடுத்தால் போதும் என்பது மோசேயின் சட்டம். சகேயு பாதிச் சொத்தை ஏழைகளுக்குக் கொடுத்து, ஏய்த்ததை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். சட்டம் ஐந்தில் ஒன்று கேட்டது. ஒன்றுமே கேட்காத கிருபையின் முன்னால் அவன் பெட்டியையே திறந்துவிட்டான். இந்த மரத்தடியில் நின்றால் உங்களுக்கும் அப்படி ஏதாவது நடந்துவிடும்.

அடிக்கடி வரும் சந்தேகங்கள்

கேள்வி: நான் கத்தோலிக்கன். எங்கள் பொது மொழிபெயர்ப்பில் திருச்சட்டம், அருள் என்றல்லவா இருக்கிறது? இந்தக் கையேடு எனக்குப் பொருந்துமா?

பதில்: கட்டாயம் பொருந்தும். சொல் வேறானாலும் தப்பும் வழி ஒன்றுதான்.

கேள்வி: இந்த விஷயத்தில் கத்தோலிக்கரும் லூத்தரன்களும் சமாதானம் ஆகிவிட்டார்களாமே?

பதில்: 1999 அக்டோபர் 31இல் ஆக்ஸ்பர்க் நகரத்தில் கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார்கள். கிருபையினால்தான் கடவுள் நம்மை ஏற்கிறார், நம் தகுதியினால் அல்ல என்று இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டன. பின்னால் மெத்தடிஸ்டுகளும் சேர்ந்தார்கள். கவலை வேண்டாம். மேலிடத்தில் போட்ட கையெழுத்து கீழே சபைத் தேர்தல் வரைக்கும் வந்து சேர நாளாகும்.

கேள்வி: நல்லவனையும் கெட்டவனையும் ஒன்றாக ஏற்றுக்கொள்வது நியாயமா?

பதில்: நியாயமே இல்லை. நியாயப்பிரமாணம் என்ற சொல்லில் நியாயம் இருக்கிறது, கிருபை என்ற சொல்லில் அது இல்லை. நியாயம் கேட்டு மேல்முறையீடு செய்ய விரும்புகிறவர்கள் செய்யலாம். ஆனால் உங்கள் கோப்பையும் சேர்த்துத் திறப்பார்கள் என்பதை வக்கீல் முன்கூட்டியே சொல்லமாட்டார்.

ஒரு குறைபாடு

இவ்வளவு சொன்ன பிறகு இந்த முறையில் உள்ள ஓர் ஓட்டையை மறைப்பது நேர்மையாகாது. நற்கருணை ஞாயிறு அன்று பலிபீடத்துக்கு முன்னால் முழங்காலில் நிற்கும்போது கையை நீட்டியாக வேண்டும். வருகைப் பரிசோ தசமபாக ரசீதோ உபவாச அட்டையோ கையில் இருந்தால் அப்பத்தை வாங்க முடியாது. எதையும் பிடிக்காத கை வேண்டும். இதற்கு மாற்று வழி கண்டுபிடிக்க நானும் பல வருஷம் முயன்றுவிட்டேன், கிடைக்கவில்லை. பக்கத்தில் நீண்டிருக்கும் கையைப் பார்த்தால் அதுவும் காலியாகத்தான் இருக்கிறது.

பிதாமகர்களாலேயே தப்ப முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தை எடுத்துக் கடைசிவரை வாசியுங்கள். நன்றியில்லாமல் தொடங்கி, நடுவில் புத்தியில்லாதவர்கள் என்று திட்டி, குழப்பம் செய்தவர்களை வாயில் வராத வார்த்தையால் சபித்து, முடிக்கும்போது பெரிய பெரிய எழுத்துகளில் பவுல் தன் கையாலேயே எழுதுகிறார். அந்தக் கடிதத்தின் கடைசி வசனத்தில் கிருபை இருக்கிறது. அதே வசனத்தில் கலாத்தியர்களைச் சகோதரரே என்றும் அழைத்திருக்கிறார்.